ஊர் என்ற கட்டம்

ஊர் பேர் தெரியாதது என்பார்களே,
அது இதுதான்.
பேர் இல்லாததால் தேதியையே பேராக்கினோம்:
ஆகஸ்ட் இருபத்தேழு, அதிகாலை மூன்று பதினொன்று.
இரண்டு மில்லிநொடி.
கண் சிமிட்டும் நேரத்தை நூறாகக் கிழித்தால்
அதில் ஒரு கிழிசல்.

பென்டிக்டன் முழுக்க அன்று புகை.
ஏரிக்கு மேற்கே மலை எரிந்துகொண்டிருந்தது.
பீச் பறிக்க வந்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள்.
ஒரு நட்சத்திரம் தெரியவில்லை.
ரேடியோ அலைக்குப் புகை ஒரு பொருட்டல்ல.
வொயிட் லேக் பள்ளத்தில்
நான்கு கம்பிவலைத் தொட்டிகள்
மல்லாந்து கிடந்தன, எப்போதும்போல.
அவை எதையும் தேடுவதில்லை;
பூமி சுற்றுகிறது,
வானம் தானாக மேலே கடந்து போகிறது.

கீச்சுக் குரல் முதலில் வந்தது,
தடித்த குரல் ஒன்பது நொடி கழித்து.
ஒரே வாயிலிருந்து ஒரே கணத்தில் கிளம்பியவைதான்.
வழியெல்லாம் சிதறிக் கிடந்த எலக்ட்ரான்கள்
தடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப்
பிடித்து நிறுத்தி அனுப்பியிருக்கின்றன.
அந்த ஒன்பது நொடியை வைத்து
எவ்வளவு தூரம் என்று சொல்லலாம், தோராயமாக.
எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

அதற்குத் தள்ளித் தள்ளி வைத்த காதுகள் வேண்டும்.
பிரின்ஸ்டன் கேட்டது.
மேற்கு வர்ஜீனியா கேட்டது.
கலிஃபோர்னியாவில் காற்று பலம்,
தீப்பற்றிவிடும் என்று மின்சாரக் கம்பெனி
நள்ளிரவே லைனை நிறுத்திவிட்டது.
காவலிருந்த ரமோனா பெக்வித்
ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி
எல்லாவற்றையும் உயிர்ப்பித்தபோது மணி மூன்று இருபத்தைந்து.
முந்நூறு கோடி ஆண்டு நடந்து வந்ததற்குப்
பதினான்கு நிமிடம் தாமதமாகக் கதவைத் திறந்தோம்.

ஆக, புள்ளி கிடைக்கவில்லை. கோடு கிடைத்தது.
வடக்கு தெற்காக, தலைமுடி மாதிரி.
அந்த முடியில் இரண்டு கேலக்ஸிகள்:
ஒன்று நீலம், சுருள் கைகள்,
நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கும் பிரசவ வார்டு.
இன்னொன்று கறை.
வெள்ளை வேட்டியில், துவைத்தும் போகாத மாதிரி.

எல்லோருக்கும் நீலத்தின் மேல்தான் ஆசை.
கணக்கும் அதற்கே எழுபத்தொன்று சதம் கொடுத்தது.
"இது போதும், எழுதிவிடலாம்" என்றான் ஈவர் ஹால்வர்சன்.

அந்த வாரம் ஸ்காஹா ஏரிப் பக்கம் பெட்ரோல் போடுகையில்
ஒரு லாரி ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்
தமிழிலேயே கேட்டார்: "நீங்க எந்த ஊரு?"
"பென்டிக்டன்."
"அது இருக்கட்டும். சொந்த ஊரு?"

அப்பா அனல்மின் நிலையங்கள் பின்னாலேயே போனவர்.
நெய்வேலியில் பிறந்து ஆறு மாதம் இருந்தேன்.
பிறகு கோர்பா, சிங்ரௌலி, தால்ச்சர்,
மறுபடி கோர்பா, அங்கே கணக்கில் இரண்டு முறை ஃபெயில்.
பெட்ரோல் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
"நெய்வேலி" என்றேன்.
"அட, நமக்குப் பண்ருட்டி!"
கேபினுக்குள் ஏறி ஒரு பை முந்திரி எடுத்து வந்து
கையில் திணித்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
வீடு வரைக்கும் தின்றுகொண்டே வந்தேன்.
நல்ல முந்திரி.

திங்கட்கிழமை அட்டவணையைத் திறந்தால்
தேதி, அகலம், தாமதம் எல்லாம் நிரம்பியிருந்தது.
ஊர் என்ற கட்டத்தில்
ஈவர் நீலத்தின் எண்ணைத் தட்டியிருந்தான்.
அழித்தேன்.
இரண்டு மணி நேரச் சண்டை, மூன்று காபி.
"இன்னொரு முறை கூப்பிட்டால் பார்க்கலாம்" என்று முடிந்தது.

கூப்பிடவில்லை.
பனி பெய்தது, வலைக்கண் வழியாகத் தரைக்குப் போனது.
வேறு நூற்றுக்கணக்கில் வந்தன, சிலவற்றுக்கு ஊர் கிடைத்தது.
காற்றடிக்கும் இரவுகளில் ரமோனா
கேட்காமலே செய்தி அனுப்புகிறாள்: லைன் இருக்கிறது.

எழுபத்தொன்று நீலத்துக்கு.
இருபத்து மூன்று கறைக்கு.
மிச்சம் ஆறு,
எந்தப் படத்திலும் விழாத
மங்கலான ஏதோ ஒன்றுக்கு
என்று கணக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது.