லார்ச் தெரு, பதினான்காம் எண்

பதினேழு வருடமாக
லார்ச் தெருவில் பதினான்காம் எண் அஞ்சல்பெட்டி வந்ததும்
பேருந்தைத் திருப்புகிறேன்.
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.
அந்த இடத்தில் மட்டும் தார்
வழுக்கைத் தலையாய்ப் பளபளக்கும்.

பெட்டிக்கு அப்பால் ஆல்டர்டன் பள்ளி மாவட்டம்.
இப்பால் ஸ்லேட் ஃபோர்க்.
ஆறும் இல்லை, மலையும் இல்லை நடுவில்.
எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி
தன் சூளையை வரிக்குத் தப்பவைக்க வளைத்த கோடாம்.
ஹாவ்ரிலாக் வீட்டுக்குள் புகுந்து போகிறது:
அடுப்பு அந்தப் பக்கம், கட்டில் இந்தப் பக்கம்.
பிள்ளை தூங்கும் பக்கம்தான் பிள்ளையின் பள்ளி
என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.
அன்றிரவே ஹாவ்ரிலாக்
கட்டிலைத் தூக்கி அடுப்படியில் போட்டார்.
மறுபடி ஒருவர் வந்தார்,
தலையணையைத் தொட்டுப் பார்த்தார்,
அபராதம் என்றார்.
கட்டில் திரும்பி வந்தது.

என் முன்கண்ணாடியில் தெரியும் ஆல்டர்டன் பள்ளிக்கு
இறங்கி நடந்தால் நானூறு அடி.
நான் ஓட்டுவது பதினோரு மைல்.

அந்தக் கிடங்கின் கூரை மட்டுமே நாற்பது ஏக்கர்.
வரி அவர்களுக்கு.
அதற்குப் போகும் லாரிகள் எங்கள் வழியாக,
புகையும் குழியும் எங்கள் கணக்கில்.
அவர்கள் பள்ளியில் நீச்சல் குளம் உண்டு.
எங்களுக்கும் உண்டு,
மழை பெய்தால், இரண்டாம் மாடி நடைவழியில்.
சுவரில் தொங்கும் உலகப்படத்தில்
தென் சூடான் இன்னும் பிறக்கவில்லை.
பெற்றோர் அங்கிருந்து வந்த நியாதுவாங்
ஒருநாள் பேனாவால் எல்லை வரைந்தாள்.
ஆசிரியை திட்டவில்லை. பேனாவை வாங்கி
அதே கோட்டை இன்னும் அழுத்திப் போட்டாள்.

பிறகுதான் இணைப்புப் பேச்சு வந்தது.
உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று இரவு.
பிள்ளை ஒன்றுக்கு இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று
டெட்வைலர் திரையில் காட்டினார்.
நாலாயிரம் டாலர் இடைவெளி.
நாலு நிமிடத்தில் முடிந்தது அது.
மிச்ச இரவெல்லாம்
கால்பந்து அணிக்கு ஓநாய்ப் பெயரா, நீர்நாய்ப் பெயரா.
சிரிப்பு வந்தது எனக்கு.
முன்வரிசையில் ஒருத்தி அழுதாள்,
மடியில் ஓநாய் தைத்த சட்டை,
அதைப் போட்டு ஆடிய மகன் இப்போது இல்லை.
சிரிப்பை விழுங்கினேன்.

ஆல்டர்டன்காரர் ஒருவர் எழுந்தார்:
"எங்கள் வரி எங்கள் பிள்ளைக்கு."
எங்களவர் ஒருவரும் எழுந்தார்.
பதில் கொடுப்பார் என்று பார்த்தால்,
"அங்கே போய்க் கையேந்த மாட்டோம்" என்றார்.
ஒரே கதவை
இரண்டு பக்கமிருந்தும் சாத்திய சத்தம்.

வாக்கு எண்ணும் மேசைக்குக் காபி ஊற்றினேன்.
ஆல்டர்டனில் முப்பத்தொரு வாக்கில் தேறியது.
எங்கள் பக்கம் ஒன்பதில்.
ஒன்பது!
என் பேருந்தின் கடைசி இரண்டு வரிசையில்
அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்து
ஒருவர் தொப்பியை ஒருவர் பிடுங்குவார்கள்.

ஆகஸ்ட் கடைசி. முதல் நாள்.
பெட்டி வந்தது.
கை தானாகச் சுழற்றிவிட்டது.
முன்னே, பின்னே,
"மிஸ் ரோவேனா, நேராப் போங்க!"
பேருந்து முழுக்கக் கூச்சல்.
தெருவுக்குக் குறுக்கே நின்றோம்,
எனக்குப் பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க.

பணம் இன்னும் வரவில்லை.
நியாயமாகப் பங்கிடு என்று நீதிமன்றம் சொல்லி
இரண்டு குளிர்காலம் போயிற்று;
தலைநகரில் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.
எங்கள் பழைய கட்டடம் இப்போது தொடக்கப்பள்ளி,
இரண்டு ஊர்ச் சிறுசுகளும் அங்கேதான்.
வாளிகளும் அங்கேயேதான்.
ஒன்று மட்டும் மாறியிருக்கிறது:
வாளி நிரம்பினால்
ஆல்டர்டன் வீடுகளிலும் தொலைபேசியை எடுக்கிறார்கள்.
அவர்கள் எடுத்தால் யாரோ ஒருவர் பதில் சொல்கிறார்.
இது எனக்குக் கோபமா நிம்மதியா,
இன்னும் தெரியவில்லை.

நேற்று ஹாவ்ரிலாக் வாசலில் நிறுத்தினேன்.
கட்டிலை மறுபடி அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.
இனி எதற்கு என்றேன்.

"அங்கே குளிர் குறைவு."