செல்லுபடியாகும் காலம்

பெறுபேற்றுத் தாளின் அடியில்
பொடி எழுத்தில் இருந்தது:
இரண்டு வருடத்துக்குச் செல்லும்.
பால்மாப் பெட்டியின் அடியைப் பார்ப்பது போல
அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அதுக்குப் பிறகு உனக்கு இங்கிலீஷ் புளிச்சுப் போகுமோ?"

கிளிநொச்சி, டிப்போச் சந்திக்குக் கிட்ட,
உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையின் மேல்மாடிதான்
ஐயெல்ட்ஸ் வகுப்பு.
தகரக் கூரை. பதினொரு கதிரை.
கீழே யாராவது எஞ்சினை முடுக்கிப் பார்க்கும்போதெல்லாம்
கேட்டல் பயிற்சியில் ஒரு விடை போய்விடும்.
நியூசிலாந்துக்காரி ஒருத்தி
நூலகம் திறக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.
எட்டரையா, ஒன்பதரையா,
மாசி பேர்குசனுக்குத்தான் தெரியும்.

பிரதீபன் சேர் நாலு தரம் எழுதியவர்.
நாலு தரமும் எழுத்தில் ஐந்தரை.
"விழுந்த இடமெல்லாம் எனக்குத் தெரியும்,
அதாலதான் உங்களுக்குக் காட்டுறன்" என்பார்.
நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.
"உண்மைக்குப் புள்ளி இல்லைப் பிள்ளையள்.
நிப்பாட்டாமல் கதைச்சால் புள்ளி.
வீடு எப்பிடி எண்டு கேட்டால்
ரெண்டு மாடி எண்டு சொல்லுங்கோ, பல்கனி எண்டு சொல்லுங்கோ,
பின்னுக்கு ஒரு பூந்தோட்டம் வையுங்கோ.
ஆரும் வந்து பாக்கப் போறதில்லை."

அப்படித்தான் அந்தத் தகரத்துக்குக் கீழே
பதினொரு பேரும் பல்கனி கட்டினோம்.
நிரூபனின் தோட்டத்தில் வெள்ளை நாய்க்குட்டி.
சாருஜா நீச்சல் குளமே வெட்டிவிட்டாள்.
"உனக்கு ஆறு காணும், குளத்தை மூடு" என்றார் சேர்.

கட்டணத்துக்கு அந்த முறைக் கச்சான் முழுவதும்,
பன்றி கிண்டியது போக மிஞ்சிய மரவள்ளியில் பாதியும்.
விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில்
அப்பாவின் பெயரை எழுதினேன்.
வேறு என்ன எழுத.

கொழும்பில், குளிர் அறையில்,
நீலச் சட்டைக்காரி ஒலிப்பதிவை அழுத்திவிட்டு
"மிஸ் கனகலிங்கம்" என்றாள்.
அப்பாவும் வந்துவிட்டாரோ என்று
கதவுப் பக்கம் திரும்பினேன்.
அந்த நேரம் அவர் முத்தையன்கட்டில்
வாய்க்காலை மறித்து
தண்ணீரை எங்கள் பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்திருப்பார்.

இப்போது இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்.

பல்கனி நாக்கு நுனி வரை வந்தது.
அதற்கு முன்னால் வினைச்சொல் வந்து மறித்தது:
இருக்கிறோம், இருந்தோம், இருந்து வந்திருக்கிறோம்.
தறப்பாள், தகரம், அரைச்சுவர்,
பிறகு வீட்டுத்திட்டம்.
எதை எந்தக் காலத்தில் வைப்பது?
நாலு செக்கன் போயிருக்கும்.
அவள் எதையோ குறித்தாள்.

பிறகு சொன்னேன்,
எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை,
மூன்றாவதுக்கு அத்திவாரம் மட்டும் இருக்கிறது,
அதற்குள் அம்மா கத்தரி நட்டிருக்கிறா.
அத்திவாரத்துக்கு ஆங்கிலம் வந்தது.
கத்தரிக்கு இரண்டு சொல் வந்தது.
"ஏன் அதற்குள்?" என்றாள்,
அட்டையில் இல்லாத கேள்வி.
மாடு ஏறாது என்றேன்.
அவள் சிரித்தது ஒலிப்பதிவில் இருக்கும்.

பேச்சில் ஏழு.
எழுத்தில் ஐந்தரை.
சேரிடம் சொல்லப் போய்
படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.
அடுத்த முறை கச்சான் மழையில் முளைத்துப் போனது.

நாளையோடு இரண்டு வருடம்.
இப்போது நான் கீழே, கடையில் நிற்கிறேன்.
உதிரிப்பாகப் புத்தகம் முழுக்க ஆங்கிலம்,
எந்த வளையம் எந்த முத்திரைக்கு என்று
வாசித்துச் சொல்வது என் வேலை.
மேலே புதுப் பிள்ளைகள்
பல்கனி பல்கனி என்கிறார்கள்.
மாங்குளத்திலிருந்து வந்த அண்ணை ஒருவர்
திருத்திய எஞ்சினில் ஏறிக் குந்தி
சாவியில் கை வைத்தார்.
"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன்,
"மேல நூலகம் திறக்கிற நேரம் சொல்லுறாங்கள்."
அவர் கூரையைப் பார்த்தபடி
கையை எடுக்காமல் இருந்தார்.

ஒன்பதரை.