வல்லின ற

இருநூற்றுப் பதினான்காம் பக்கம்,
கீழிருந்து நான்காம் வரி.
'மனமே, இறங்கு' என்று கோத்திருந்தார்கள்.
ஓரத்தில் பென்சிலால் சுழித்தேன்:
இடையின ர. இரங்கு.

முப்பத்தொரு வருடமாய்
கடலூர் முதுநகர், இம்பீரியல் சாலை அச்சகத்தில்
அருள்நூல்களின் எழுத்துப்பிழைகளுக்கு
நான்தான் பொறுப்பு.
ஒற்று மிகும் இடம் தெரியும், மிகா இடம் தெரியும்.
எந்தப் பாட்டும் என்னை அழவைத்ததில்லை.

அன்று முத்தியால்பேட்டையில்
உரையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு
கடலூர் வண்டியில் திரும்புகிறேன்.
ஒன்பதே முக்கால் இருக்கும்.
ஜன்னலோரம். மடியில் புரூப் கட்டு.
தவளக்குப்பத்தில் ஏறினான்.
அவனுக்கு முன்னால் சாராய நெடி ஏறிவிட்டது.
கையில் பாலித்தீன் பை,
அதற்குள் பள்ளிக்கூட ஷூ ஒரு ஜோடி,
என் உள்ளங்கை நீளம்தான்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் வாந்தி எடுத்தான்.
கொஞ்சம் என் கட்டின் மேலும்.
முதலில் கத்தியது நான்தான்.
(இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.)
கண்டக்டர் விசில் ஊதினார்.
"இறங்கு."
பின்சீட்டிலிருந்து, "யோவ், இறங்குய்யா."
"இறக்கி விடுங்க சார், முள்ளோடையில போலீஸ் வேற."
வண்டி முழுக்க வல்லின ற.

கன்னியக்கோயில் தாண்டி இருட்டு.
படியில் தடுமாறியவன்
பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.
அப்போதுதான் கவனித்தேன்:
சட்டை, வேட்டி, என் தாள்கள் எல்லாம் நனைந்தும்
அந்தப் பை நனையவில்லை.

எழுந்தது முழங்கால்.
நான் பிறகுதான் எழுந்தேன்.
"உங்களது கடலூர் டிக்கெட்டாச்சே சார்"
என்றார் கண்டக்டர்.

சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.
பாட்டில் தண்ணீரில் அவன் முகம் கழுவினேன்.
பெயர் அந்துவான் என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.
ஷூ யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.
புத்தி சொல்ல நல்ல வாக்கியம் ஒன்று
தொண்டைவரை வந்தது, பிழையே இல்லாதது.
விழுங்கினேன்.
லாரிகள். கொசு.
அவன் தலை என் தோளில் சரிந்தபோது
தள்ளிவிடத்தான் தோன்றியது.
தள்ளவில்லை.
அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் தாள்களை வெயிலில் காயப்போட்டேன்.
இருநூற்றுப் பதினான்கில் மஞ்சளாய் ஒரு கறை.
ரப்பர் எடுத்து
பென்சில் சுழியை அழித்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சம்பளம் வாங்குகிறவன்;
வேறொரு தாளில் பக்கம் எடுத்து
மறுபடி சுழித்தேன்: இடையின ர.

புத்தகம் சரியாகவே வந்தது.
கறைபட்ட தாள் என் மேஜை இழுப்பறையில்.
விளக்கணைக்கும் முன்
அந்த ஒரு வரியை வாசிக்கிறேன்,
பிழையோடு.