பட்டர் பேப்பர்

கோவையில் இதைப் பட்டர் பேப்பர் என்போம்.
ஹாலிஃபாக்ஸ் அலுவலகத்தில் ட்ராஷ்.
குப்பையாகப் போவதற்கென்றே
சுருள் சுருளாக வாங்கி வைக்கிற மஞ்சள் தாள்.
கிழிக்கும்போது மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே சத்தம்.

அங்கே பதினேழு அடுக்ககம் கட்டியிருக்கிறேன்.
கருத்துருக் கட்டம் என்பது
காந்திபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.
உரிமையாளர் வருவார், வாஸ்துக்காரர் வருவார்,
அடுப்பு அக்னி மூலை, தண்ணீர் ஈசானியம்,
காபி ஆறுவதற்குள் வீடு முடிந்திருக்கும்.
எனக்கு மிஞ்சுவது ஜன்னல் கிராதி.

இங்கே ஆறு வாரம்.
டார்ட்மத் கரையில் ஒரு சின்ன நூலகம்,
அதற்கு ஆறு வாரம்
ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம்.
உரிமத்துக்காக மணிக்கணக்கு எழுதும் பதிவேட்டில்
கருத்துருவுக்கென்று தனியாக ஒரு கட்டம்.
நாற்பத்து மூன்று வயது இன்டர்ன் நான்
அதில் எழுதுகிறேன்: இன்று ஏழரை மணி நேரம்.
என்ன செய்தேன்?
மனையில் போய் நின்றேன்.

சரளைக்கல். மூடுபனி.
காற்று எந்தப் பக்கம் என்றால் எல்லாப் பக்கமும்.
ஃபெர்ரி எங்கோ ஊதியது, வரவில்லை.
நாலு கார்கள் கடலைப் பார்த்து நின்றன,
நாலிலும் ஆள்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு உருளை வறுவல் தின்றபடி.
இவ்வளவு தூரம் வந்தும் ஒருவர்கூட இறங்கவில்லை.
இதைக் குறித்துக்கொண்டேன்.
எதற்கென்று அப்போது தெரியாது.

ஜிலியன் மக்னீல், என் மேற்பார்வையாளர்,
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்,
நுரைக்கட்டியைச் சூட்டுக்கம்பியில் நறுக்கியபடி
என் தாளை எட்டிப் பார்த்தாள்.
"உன் கோடெல்லாம் ஏற்கெனவே
அனுமதி வாங்கிவிட்ட மாதிரி இருக்கிறது."
ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டு
மொண்ணையான ஒரு பென்சில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து கிறுக்கல்.
செருப்பு போல ஒன்று.
கவிழ்த்த படகு (எல்லோரும் போடும் படகு; கிழித்தேன்).
சாத்தாத டிபன் டப்பா.
ஒரு நாள் முழுக்க வெறும் வட்டங்கள்:
குழந்தைகள், செய்தித்தாள், கழிப்பறை, மௌனம்,
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சண்டை தீராமல்.

நாலாம் வாரம், வியாழன்.
மேசையிலேயே தயிர்சாதம், ஆவக்காய்.
விரலை நக்கிவிட்டுத்தான் தாளைத் தொட்டேன்.
போதவில்லை.

நல்லெண்ணெய், கட்டைவிரல் அகலத்துக்கு
தாளைத் திறந்துவிட்டது.
நாலு அடுக்குக்கு அடியில் கிடந்த
பழைய நில அளவைப் படம் அந்த ஓட்டையில் தெரிந்தது:
புள்ளி புள்ளியாக ஒரு கோடு.
கரை.
இப்போதைய கரை இல்லை,
முப்பது மீட்டர் உள்ளே.
நான் நின்ற சரளை, நாலு கார்கள், எல்லாம்
கடலுக்குள் கொட்டிய மண்.

துடைக்கத்தான் போனேன்.
ஜிலியன் குனிந்தாள், மோந்தாள். "எள்ளா?"
பிறகு பேச்சில்லை.
மொண்ணைப் பென்சிலால் அந்தப் புள்ளிகளின் மேலேயே
இழுத்தாள், நான் இழுத்தேன்,
இரண்டு கோடும் சேரவில்லை, விட்டுவிட்டோம்.
நூலகம் பழைய கரையில் ஏறி உட்கார்ந்தது.
முன்னால் இருந்ததையெல்லாம்
கடல் கேட்கும்போது கொடுத்துவிடலாம்.
கார் கண்ணாடி உயரத்தில் நீளமாக ஒரு ஜன்னல்,
இறங்காதவர்களுக்காக.

அறிக்கையில் எழுதியிருப்பது:
"கரையோர வரலாற்று ஆய்வின் அடிப்படையில்."
மாநகராட்சிக்காரர் கேட்டது:
"பதினெட்டு கார் எங்கே நிற்கும்?"

ஸ்கேன் செய்ததில் அந்தக் கறை விழவே இல்லை.
வெள்ளிக்கிழமை இரவு கூட்ட வந்தவர்
மூலத்தாளை, அதன் பெயருக்கேற்ப, அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
வாசல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
புதுத்தாள் உருட்டி, நாலு பக்கமும் ஒட்டி,
ஊறுகாய்ப் பாட்டிலைக் கொஞ்சம்
தள்ளி வைத்திருக்கிறேன்.
ரொம்பத் தள்ளி இல்லை.