போ

எங்கள் ஊரில் அது மரியாதை.
பெரியவர்களிடம் பேசினால்
வாக்கியத்தின் வாலில் ஒரு 'போ' ஒட்ட வேண்டும்.
ஒட்டாவிட்டால் அம்மா துடைப்பத்தைத் தேடுவாள்.

பதாங்கஸிலிருந்து தண்டையார்பேட்டைக்கு
இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு
அந்தப் 'போ'வையும் கொண்டுவந்தேன்.
விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை.

"சாப்புடுங்க, போ."
"தண்ணி வேணுமா, போ?"

மாமியார் தேசம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.
கைகூடக் கழுவாமல்
எதிர்வீட்டுப் பவுனம்மாவிடம் போய்ச் சொன்னாள்:
"வந்து பத்து நாள் ஆவல,
சோத்தப் போட்டுட்டு
போ போன்றாடி."

ஜீவரத்தினம் அப்போது நடுக்கடலில்,
எஞ்சின் அறையில்.
சிக்னல் இல்லை.
பதினாறு நாள்
நான் மரியாதையைக் கூட்டக் கூட
வீட்டில் பேச்சு குறைந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
எங்கள் மொழியில் இனா என்றால் அம்மா.
அமா என்றால் அப்பா.
விடிவதற்கு முன் லாரித் தண்ணீர் வரும்.
"இன்னாமே", "இன்னா இப்போ", "இன்னான்ற நீ"
குடங்களுக்கு நடுவில் நாற்பது பேர்
என் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.
"ஆமா, ஆமா" என்று
பதிலுக்கு அப்பாவை.
அவரைப் புதைத்து ஆறு வருஷம்.
அர்த்தம் தெரிந்த பிறகும் கொஞ்ச நாள்
போர்வைக்குள் கிடந்து
அப்படியேதான் கேட்டேன்.

பாஸ்போர்ட்டில் மரிசெல்.
சிலிண்டர் போட வந்த பையன்
"மாரிசெல்வி யாரு?" என்றான்.
தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.
ஆடியில் கூழ் ஊற்றியபோது
ஆத்தா பேருக்காரி என்று
வரிசையில் முன்னால் தள்ளிவிட்டார்கள்.
கழுத்தில் சிலுவை.
பார்க்காமல் இல்லை.
சொம்பை நிறைத்து
கருவாட்டைத் தனியாக ஒரு இலையில் வைத்தார்கள்.

கிளம்புகிறவர்கள் "வரேன்" என்கிறார்கள்.
பவுனம்மா ஒரு நாள் மத்தியானம் அப்படிச் சொல்லிப் போனாள்.
சோறு எடுத்து மூடி வைத்து
நாலு மணி வரை வாசலைப் பார்த்தேன்.
பிறகு நானே சாப்பிட்டேன்.

புருவத்தைத் தூக்கினால் எங்களுக்குச் 'சரி'.
காசிமேட்டில் சங்கரா கிலோ முந்நூறு என்றாள்.
சரி என்று தூக்கினேன்.
"எரநூத்தி எம்பது."
அதற்கும் சரி.
"ஏய், எரநூத்தம்பதுக்குக் கீழ
எங்கம்மா வந்து நின்னாலும் தர மாட்டேன்!"
மீன்காரியின் அம்மா ஏன் வர வேண்டும் என்று
எனக்குப் புரியவில்லை.
அந்த வாரத்திலிருந்து
பவுனம்மா வீட்டு மீனுக்கும் நான்தான் போகிறேன்.
ஒரு தடவை கூடையின் அடியில்
வெள்ளிச் செதிலோடு பால்மீன் கிடந்தது.
எங்கள் மீன்.
பேரம் பேசவில்லை.
புருவம் அசையாமல் கேட்ட காசைக் கொடுத்தேன்.

பதினேழாம் நாள் அவன் போன் வந்தது.
ஸ்பீக்கரில் போட்டு
தன் அம்மாவுக்கு அந்த ஒற்றை எழுத்தை விளக்கினான்.
சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
"இத்த முன்னாலியே சொல்றதுக்கு இன்னாடா?"
வைத்துவிட்டாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி என் தட்டில் மீன்தலை இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் அம்மா.
வெளியே கண்டெய்னர் லாரிகள்
எண்ணூர் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.
தேசம்மா போனைப் பிடுங்கி
கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வாள்.
அம்மாவுக்குத் தெரிவது
ஒரு காதும் பாதி மூக்குத்தியும்.

"நல்லா கீறியா, போ?
நாஸ்டா துன்னியா, போ?"

அந்தப் பக்கம்
அம்மா நிமிர்ந்து உட்காருகிறாள்.
நைட்டியின் மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு
ஒரு வார்த்தை புரியாமல்
"ஓபோ, ஓபோ" என்கிறாள்.

பேசி முடித்ததும்
திரையை முந்தானையில் துடைத்து
என் பக்கம் நீட்டுகிறாள்.
எனக்குப் போ கிடையாது.

"இன்னாமே, புடி."