தணிக்கை

காலை மெதுவாக நகர்த்து என்றேன்.
அக்கா மகன் வாங்கிக் கொடுத்த செல்போன்
அதை இந்தியில் அவளுக்குச் சொன்னது.
திலோத்தமா ஜன்னலைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.
விடியற்பொழுதை எப்படி மெதுவாக நகர்த்துவதென்று
அவளுக்குத் தெரியவில்லை.
கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அயனாவரம், இரண்டாவது மாடி.
கீழே மெட்ரோவுக்கு மண்ணைக் குடைகிறார்கள்.
அலமாரிக் கண்ணாடி நடுங்கும் நேரத்தில்
என் வலது காது வேலைக்கு வருவதில்லை.
இடது காது போன மழைக்காலத்திலேயே
ஓய்வு பெற்றுவிட்டது.

முதல் நாள், பாட்டி என்றாள்.
நான் யாருக்கும் பாட்டி இல்லை.
முப்பத்தைந்து வருடம் தேனாம்பேட்டை அலுவலகத்தில்
அடுத்தவர் கணக்கைக் குடைந்தவள்;
பியூனிலிருந்து பெரியவர் வரை மேடம்தான்.
மேடம் சொல் என்றேன்.
அன்றிலிருந்து "மேடம் பாட்டி".

நானும் ஒழுங்கில்லை.
அவள் பெயர் நாக்கில் தங்காமல்
ஒரு மாதம் திலகா என்றே கூப்பிட்டேன்.
திலகாவாகவே வந்தாள்,
பெட்பேனும் கையுமாக.

தண்ணீர் கேட்டால் வெந்நீர்.
போர்வை என்று ஆரம்பித்தாலே
இன்னொரு போர்வை.
ஃபேன் வேண்டாமென்று கையை ஆட்டினேன்;
காற்று போதவில்லை போலிருக்கிறதென்று
ஐந்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏஜென்சிக்காரர் போனில் சொன்னார்:
"தமிழ் ஆள் இப்ப யாரும் இல்ல மேடம்,
ஆனா நல்ல பொண்ணு."
நல்ல பொண்ணு
எந்தத் தலைப்பில் வரும் செலவு?

ராத்திரி எனக்கு மாத்திரை கொடுத்ததும்
தரையில் சம்மணமிட்டு
ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள்.
ஒவ்வொரு எழுத்தும் தலைக்குக் குடை பிடித்திருக்கும்.
எத்தனை பொய் ரசீதுகளை
மை வாசனையிலேயே பிடித்தவள் நான்!
இதில் ஒரு வரி அசைந்து கொடுக்கவில்லை.
அதனால் நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்:
கிழவி கஞ்சியைத் துப்பினாள்.
கிழவி கத்தினாள்.
கிழவி எப்போது.

துணி எடுக்க அவள் மாடிக்குப் போயிருந்தபோது
தண்ணி லாரிப் பணம் கேட்டு
வாட்ச்மேன் நிரஞ்சன் மேலே வந்தான்.
அவனும் அந்த ஊர்ப்பக்கம்தான்.
பணத்தை அப்புறம் தருகிறேன்,
முதலில் இதைப் படி என்றேன்.
தலையைச் சொறிந்தான். படித்தான்.

"மேடம் பாட்டி பேச்சு.
அப்புறம் — வேண்டாம்.
போதும் — இன்னும் ஒரு கரண்டி வைக்கலாம்.
ஏம்மா — என் பெயர்.
சனியனே —" இங்கே நிறுத்தினான்.
படி என்றேன்.
"இதுவும் என் பெயர். சாயங்காலத்தில்.
பரவாயில்லை — ரொம்ப வலிக்கிறது."

சிவப்புப் பென்சிலுக்குக் கை போனது,
பழக்கதோஷம்.
அப்புறம் என்றால் அப்புறம்தான், வேண்டாம் இல்லை,
என்று எழுதப் போனவள்
இந்த வீட்டில் எந்த அப்புறமாவது
வந்து சேர்ந்திருக்கிறதா என்று யோசித்தேன்.
போதும் என்பதிலும் ஆட்சேபணை எழுப்ப முடியவில்லை.
கடைசி வரியில் பென்சில் வெகுநேரம் நின்றது.

படியில் செருப்புச் சத்தம்.
நோட்டை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னேன்;
தலைகீழாக வைத்துவிட்டான், பாவி.
அவள் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. துணி மடித்தாள்.
கேட்டிருந்தாலும்
எந்தக் காதில் வாங்கியிருப்பேன்.

ராத்திரி காலைத் தொட்டுக் காட்டினாள்.
காலை இல்லை, கால்.
"மேடம் பாட்டி, வலி?"
பரவாயில்லை என்று வந்துவிட்டது வாயில்,
நிஜமாகவே வலி இல்லாத ஒரு ராத்திரியில்.
ஓடிப்போய் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள்,
இடுப்பில் அண்டக் கொடுத்தாள்,
ஃபேனை அணைத்தாள்.
மே மாதம்.

வேர்த்துக் கொட்டக் கிடந்தேன்.
நாக்கு நுனிவரை வந்த அந்தச் சொல்
அவள் நோட்டில்
ஏற்கெனவே பதிவாகியிருந்தது.