பதினாறு மில்லிமீட்டர்

பழைய கூரையின் கனம் அவ்வளவுதான்.
உள்ளே நீளநீளமாய்க் காற்றறைகள், அவற்றில் பாசி,
எந்த வழியாய் நுழைந்தனவோ, நான்கு குளவிகள்,
காய்ந்து.
கம்ரான் ஒரு தகட்டை ஒற்றைக் கையால் உருவி
புல்வெளியில் சாய்த்தான்.
இதன் கீழா பதினேழு வருஷம்!

ஜூலையில் அந்தக் கண்ணாடி அறையில்
மேசைமேல் நின்ற மெழுகுவர்த்தி
இடுப்பொடிந்து படுக்கும்.
ஜனவரியில் கையுறையோடு குறுக்கெழுத்துப் போடுவோம்.
ஆசைப்பட்டுக் கட்டியவள் வில்ஃபின் முதல் மனைவி.
வேர்த்ததும் விறைத்ததும் நான்.

மழை வந்தால் மட்டும் எனக்கு அந்த அறை பிடிக்கும்.
கோல்னில் மழைக்கு என்ன பஞ்சம்.
பென்டில் மலை தெரிந்தால் வரப்போகிறது,
தெரியாவிட்டால் வந்துவிட்டது என்பார்கள் இங்கே.
பிளாஸ்டிக்மேல் அது இறங்கினால்
நூறு தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி.
தொலைக்காட்சி ஊமையாகும்.
வில்ஃபுக்கு இடது காது எப்போதோ போயிற்று.
பதினைந்து வயதில் சேர்ந்த தறிக்கூடம் தின்றது.
பிறகு முப்பது வருஷம் பஸ் ஓட்டினான்.
அதற்கும் பிறகுதான் நான், நார்ஃபோக்கிலிருந்து,
இரண்டு பெட்டியோடு.

அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து நான் பேசுவேன்.
அவன் எதிர் நாற்காலியில்,
என் கண் பின்னல் ஊசியில்.
உன் மகள் இன்னும் என் பேரைச் சொல்வதில்லை.
இந்தப் பச்சைத் தரை ஓட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.
மார்பில் ஒரு கட்டி, வியாழக்கிழமை பரிசோதனை.
ஒன்றுமில்லையாம், கடிதம் வந்தது.
தனியாய் இருக்க பயந்துதான் உன்னைக் கட்டிக்கொண்டேன்,
இப்போது காரணம் வேறு.
இது ஒரு நவம்பரில்.

நான்கு நாள் வேலை.
மரச்சட்டம், வெள்ளித்தாள் ஒட்டிய காப்புப் பலகை,
இடுக்கெல்லாம் நுரை,
மேலே கரி நிறத்தில் லேசான ஓடு,
கீழே பூச்சு. அதன் ஈர வாசனை பிஸ்கட் வரைக்கும் ஏறியது.
கவுன்சில் ஆள் வந்து சுவரைத் தட்டி,
இந்தக் கனத்தைத் தாங்கும் என்று கையெழுத்திட்டான்.
பக்கத்து அறைதான் இருண்டுபோனது,
நடுப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.
அதை யாரும் முன்னால் சொல்லவில்லை.

மூன்று சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டே
"இனிமே குண்டூசி விழுந்தாலும் கேட்கும், பாருங்க" என்றான் கம்ரான்.
பெருமையாகத்தான் சொன்னான்.
எனக்கு வயிற்றில் ஏதோ நழுவியது.

செவ்வாய்க்கிழமை மழை.
பக்கக் கண்ணாடியில் கோடுகோடாய் இறங்குகிறது,
தலைக்குமேல் சத்தத்தைக் காணோம்.
மாடியில் யாரோ பூனையைத் தடவுகிற மாதிரி, அவ்வளவே.
ஃபிரிட்ஜ் முனகுவது கேட்கிறது.
பழக்கதோஷம், வாயைத் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"
எதை?
"மழை பெய்யுதே. மழைன்னா பேசுவியே நீ."

முன்னூறு தறி ஓடுகிற இடத்தில்
காதுக்கு வேலையே கிடையாது என்றான்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
பெண்கள் உதட்டாலேயே வம்பளப்பார்களாம்.
ஆறு வருஷம் அதைப் பார்த்தவனாம்.

பதினேழு வருஷத்து மழையை
நான் அவசரமாய்ப் புரட்டிப் பார்த்தேன்.
கட்டி. நவம்பர்.
பர்ன்லியில் எனக்கும் ஒரு வேலை இருக்கு என்று
அந்த வியாழக்கிழமை கூடவே வந்து
கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம்
ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தானே.

"ஏன் சொல்லலே?"
"நீ மழைகிட்டதானே பேசினே."
பேப்பரை மடித்து வைத்தான்.
"கம்ரானோட மச்சான் தரைவேலை செய்றானாம்.
பச்சை ஓட்டுக்கு விலை கேட்டிருக்கேன்."

டீ போட எழுந்து போனேன்.
சமையலறையில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு,
கெட்டில் கொதிக்கிற சத்தத்தில்,
ஒரு வார்த்தை சொன்னேன்.
அது அவனுக்குத் தெரியாது.